கூட ஓடியவள்

விசில் மேடத்துக்குத் திங்கட்கிழமை காலையில் குரல் வராது.

சளியும் இல்லை, தொண்டைக் கட்டும் இல்லை. சனிக்கிழமை மதியம் கல்லூரி மைதானத்தின் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், திங்கள் காலைவரை அந்தக் குரலுக்கு வேலையே இருக்காது. கடையில் பொருளை எடுத்து மேசையில் வைத்தால் விலை தானாகத் திரையில் தெரிந்துவிடும். மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டினால் போதும். ரொம்ப நேரம் மூடிக் கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் வெறும் காற்றுதானே வரும், அதுபோலத் திங்களன்று வாயைத் திறந்தால் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதனால் கிளம்புவதற்கு முன் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து, "லைன்ல நில்லுங்க! பின்னாடி யாரு பேசறது?" என்று ஓரிரு முறை அதட்டிப் பார்த்துக்கொள்வார். பின்னாடி ஒரு நாளும் யாரும் பேசியதில்லை.

கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை அவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் மேடம். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதற்காக யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் பின்னாலிருந்து பார்க்கிறவர்கள் மாணவி என்று நினைத்து, "ஏம்மா, நேரம் என்ன?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு.

இளவயதில் அவர் தடை ஓட்டக்காரி. வழியில் நிறுத்திவைத்த தடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு ஓடும் பந்தயத்தில் சுற்றுவட்டாரத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை. பெரிய போட்டிக்குத் தேர்வான சமயத்தில் அப்பா இறந்துபோனார். ஓட்டத்தை விட்டுவிட்டு வேலைக்கு வந்தார். தம்பியைப் படிக்கவைத்தார். அவனும் படித்தான், வேலை தேடிக்கொண்டான், கல்யாணம் செய்துகொண்டான், விமானம் ஏறிப் போய்விட்டான். இவருக்கும் ஒன்றிரண்டு கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. "அவங்க நடக்கிற வேகத்துக்கு நம்மால ஈடுகொடுக்க முடியாதுப்பா" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே நழுவினார். இன்னொருவர் சிரிக்காமலே நழுவினார். அதற்குள் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார்.

படுத்தபடியே வீட்டை ஆட்டிப்படைத்தவர் அம்மா. ஜன்னலை மூடு, திற, யாரு பேசறது ஃபோன்ல, ஏன் இவ்வளவு நேரம், சாப்பாட்டுல உப்பு எங்கே என்று பகலெல்லாம் ஓயாத பேச்சு. சில நாள் மேடம் காதைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடியிருக்கிறார். அம்மா போனபிறகு அந்த வீட்டில் சத்தம் போட ஃபிரிட்ஜ் மட்டும்தான் மிஞ்சியது. அதுவும் விட்டுவிட்டுத்தான்.

தம்பி எப்போதாவது கூப்பிடுவான்.

"அக்கா, நல்லா இருக்கியா?"

"எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்."

"சரிக்கா, பாத்துக்கோ."

அவ்வளவுதான் பேச்சு. கல்லு மாதிரி இருப்பவளிடம் அதற்குமேல் என்ன விசாரிப்பது என்று அவன் நினைத்திருக்கலாம்.

இந்த நிலையில்தான் கல்லூரி முதல்வர் ஒருநாள் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த வருடம் கல்லூரியில் நிலைமை சரியில்லை. பிள்ளைகள் பாதி வகுப்புகளுக்கு வருவதில்லை. வருகிறவர்களும் மேசையில் தலைவைத்துத் தூங்குகிறார்கள். மருந்தறையில் தலைவலி, வயிற்றுவலி என்று வரிசை நிற்கிறது. காரணமே சொல்லாமல் சிலர் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

"மாணவர் நலவாழ்வுத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிக்கிறோம். உடம்பு, மனசு, சாப்பாடு, தூக்கம், உறவு எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கணுமாம். முழுமையான நலம். நீங்களும் புதுசா வந்திருக்கிற ஆலோசகரும் சேர்ந்து நடத்துங்க" என்று சொல்லி முதல்வர் அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்.

ஆலோசகர் சின்னப் பெண். மனநலம் படித்தவர். பிள்ளைகள் 'ஆலோசனை அக்கா' என்று கூப்பிட்டால் அதற்கே திரும்பிப் பார்ப்பார். எதைச் சொன்னாலும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். மேடத்துக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய சோதனை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? காலையில எழுப்பி ஓடவிட்டா பசி எடுக்கும், பசிச்சா சாப்பிடுவாங்க, சாப்பிட்டா தூக்கம் வரும். உடம்பு சரியா இருந்தா மனசு வாலாட்டிக்கிட்டுப் பின்னாடியே வரும்" என்றார் மேடம்.

ஆலோசகர் யோசித்தார். "மேசைக்கு ஒரு கால் குட்டையா இருந்தா மத்த மூணும் நல்லா இருந்தும் ஆடத்தானே மேடம் செய்யும்?"

"அப்ப அந்தக் காலுக்கு அடியில காகிதத்தை மடிச்சு வைக்க வேண்டியதுதான்!"

ஆலோசகர் சிரித்துவிட்டார். மேடமும் சிரித்தார். ஆனால் தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. தன் கட்சிக்கு அவர் கையில் உயிருள்ள சாட்சி ஒன்று இருந்தது.

அவள் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறவள். மேடம் மனதுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அம்பு. மெலிந்த உடம்பு, நேரான முதுகு, இடம் வலம் பார்க்காத ஓட்டம். விடியும் முன்பே மேடம் மைதானத்துக்கு வந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்துவிடுவாள். வணக்கம் கிடையாது, சிரிப்பு கிடையாது. மேடம் உள்சுற்றில் ஓடுவார், அவள் அதை ஒட்டிய வெளிச்சுற்றில் ஓடுவாள். இரண்டு ஜோடிக் காலடிச் சத்தம் முதலில் முன்னும் பின்னுமாகக் கேட்கும், பிறகு ஒன்றாகிவிடும். மழையில்கூட அவள் தவறியதில்லை. "முழங்காலைத் தூக்கு" என்பார் மேடம். அவள் தூக்குவாள். பேச்சு அதோடு முடிந்தது.

அந்த நேரத்துக்காகவே தான் படுக்கையை விட்டு எழுகிறோம் என்பது மேடத்துக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தால் உடற்பயிற்சி என்று சொல்லியிருப்பார்.

நலவாழ்வுத் திட்டத்தின் தொடக்க விழாவில் பேச மாணவர் ஒருவர் வேண்டும் என்றபோது மேடம் தயங்கவேயில்லை. "நம்ம காலேஜ்லயே ஆரோக்கியமான பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். அம்புவிடம் சொன்னபோது அவள் காலணியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் பேச வராது மேடம்" என்றாள். "பேச என்ன இருக்கு? காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்யறியோ அதைச் சொல்லு, போதும்" என்று மேடம் அடித்துச் சொல்லிவிட்டார்.

அரங்கம் நிறைந்திருந்தது. ஊக்கம் தரும் பேச்சுகள் முடிந்து, பாதிப் பேர் கைப்பேசியில் மூழ்கியிருந்த நேரத்தில் அம்பு மேடைக்கு வந்தாள். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. அதை இறக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"விடியறதுக்கு முன்னாடி எந்திரிப்பேன். ஓடுவேன். கிளாசுக்குப் போவேன். சாயங்காலம் மறுபடி ஓடுவேன். ரூமுக்குப் போவேன். படிப்பேன். தூங்குவேன்."

முதல்வர் கைதட்டினார். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவன் குறும்பாகக் கேட்டான்: "ஃப்ரெண்ட்ஸ்கூட எப்ப ஊர் சுத்துவீங்க?"

சிரிப்பு எழுந்தது. அவள் அந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பரீட்சையில் வந்த கேள்வியைப் போல யோசித்தாள்.

"எனக்கு ஃப்ரெண்ட்ஸ் யாரும் இல்ல. ஓடறப்ப மட்டும்தான் அது ஞாபகம் வராது. அதான் ஓடறேன்." பிறகு, மேடத்தை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தவள் போல, "மேடம் தினம் என்கூட ஓடறாங்க. 'முழங்காலைத் தூக்கு'ன்னு சொல்வாங்க" என்றாள்.

மறுபடியும் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுபோனது. மற்றவர்களுக்கும் ஏதோ புரிந்துவிட்டது. அவள் படியிறங்கி, இருந்த இடத்துக்குப் போகாமல், பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். ஆலோசகர் எழுந்து பின்னால் ஓடினார். மேடத்துக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை. எத்தனையோ தடைகளைத் தாண்டிய கால்கள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டன.

"என்ன மேடம், கொஞ்சம் நல்ல பொண்ணா பாத்து நிறுத்தக் கூடாதா?" என்று முதல்வர் காதோரம் முணுமுணுத்தார்.

மறுநாள் காலை அம்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மேடம் தனியாக ஓடிப் பார்த்தார். ஒரே ஒரு ஜோடிக் காலடிச் சத்தம் சுவரில் மோதி அவரிடமே திரும்பி வந்தது. முதலில் கோபம்தான் வந்தது. மேடையில் போய் இப்படியா பேசுவது, நான் என்ன குறை வைத்தேன் என்று மனதுக்குள் அவளோடு சண்டை போட்டார். அடுத்த சுற்று முடிவதற்குள் கோபம் வடிந்துவிட்டது. குறை வைக்கும் அளவுக்குக்கூட அவளிடம் ஒன்றும் வைத்ததில்லையே என்ற நினைப்பு வந்தது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மாணவியர் விடுதிக்கு நடந்தார்.

"அந்தப் பொண்ணா? காய்ச்சல்னு படுத்திருக்கு. உங்க ஆலோசகரும் நேத்து வந்து கதவைத் தட்டிப் பாத்தாங்க, திறக்கல" என்றார் விடுதிக் காப்பாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது மெஸ்ஸுக்கு வந்தே மாசக்கணக்காச்சு மேடம். வெளிய சாப்பிடுதுன்னு நாங்க நினைச்சிட்டோம்" என்றார்.

மேடம் அறைக் கதவைத் தட்டினார். பிள்ளைகள் சொல்லிக் கேட்ட பழக்கத்தில், "விசில் மேடம் வந்திருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே சின்னதாக ஒரு சத்தம். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. தாழ்ப்பாள் விலகியது.

இரண்டு பேருக்கான அறை. ஒரு கட்டில் மெத்தையில்லாமல் வெறும் பலகையாகக் கிடந்தது. கூட இருந்தவள் போன வருடமே தன் கூட்டத்தோடு சேர்ந்து வேறு அறைக்குப் போய்விட்டாளாம். சண்டை ஒன்றும் இல்லை. "அங்க ஜாலியா இருக்கும்டி" என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

மேடம் அந்த வெறும் கட்டிலில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் காலி பிஸ்கட் உறைகள் மடித்து அடுக்கியிருந்தன.

"ஏன் மெஸ்ஸுக்குப் போறதில்ல?"

"தனியா உக்காந்து சாப்பிடணும் மேடம். எல்லா மேசையிலயும் கூட்டமா இருப்பாங்க. நான் தட்டை எடுத்துக்கிட்டு எங்க உக்காரறதுன்னு பாத்துக்கிட்டே நிப்பேன். ஒருநாள் யாரோ பாத்துச் சிரிச்சாங்க. என்னைப் பாத்துத்தானான்னு தெரியல. அதுக்கப்புறம் போகல."

"பசிக்காதா?"

"ஓடினா பசி தெரியாது."

மேடத்துக்குத் தெரியும். ஓடினால் பல விஷயங்கள் தெரியாது. அதைத்தான் இத்தனை வருடம் ஆரோக்கியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோமோ என்று ஒரு கணம் திக்கென்றது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"எனக்குத் திங்கட்கிழமை குரல் வராது."

"ஏன் மேடம்?"

"லீவுல பேச ஆளில்ல."

அம்பு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பரிதாபப் பார்வை இல்லை. தன்னைப்போல இன்னொரு ஆள் இருக்கிறாரா என்ற ஆச்சரியம். பிறகு அழத் தொடங்கினாள். மேடத்துக்கு யாரையும் தொட்டு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், தசைப்பிடிப்பு வந்த ஓட்டக்காரியை நீவிவிடுவதுபோல அவள் தோளைப் பிடித்துவிட்டார்.

"நான் உனக்கு வைத்தியம் பாக்க முடியாதும்மா. எனக்கே தெரியாது. அந்த ஆலோசகர் பொண்ணு கொஞ்சம் மெதுவா பேசும், ஆனா நல்லா கேக்கும். போறியா?" என்றார்.

"நீங்களும் வருவீங்களா?"

"வாசல் வரைக்கும் வரேன்."

அன்று வாசல்வரை போனார். மருந்தறைக்கும் போனார், உடம்பு தேறும்வரை ஓடக் கூடாது என்று செவிலியர் கண்டிப்பாகச் சொன்னபோது தலையாட்டிக்கொண்டார். அம்புவின் அம்மாவை ஃபோனில் கூப்பிட்டுப் பேசியது ஆலோசகர். அந்த அம்மா அலறியடித்துக்கொண்டு வந்து, மகளைக் கட்டிக்கொண்டு, "ஃபோன்ல நல்லாத்தானே இருக்கேன்னு சொன்ன!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் நின்ற மேடத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை.

நலவாழ்வுத் திட்டம் அதன்பிறகு கொஞ்சம் மாறியது. பேச்சாளர்களைக் குறைத்தார்கள். மெஸ்ஸில் ஜன்னலோரமாக ஒரு நீள மேசையைத் தனியாக வருகிறவர்களுக்கென்று போட்டார்கள். ஆலோசகரின் யோசனை அது. "போர்டு எதுவும் வேண்டாம், போர்டு வெச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று சொன்னது மேடம். மதியம் அவர்கள் இருவரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். முதலில் கொஞ்ச நாள் அந்த மேசையில் அவர்கள் இருவர் மட்டும்தான். மொத்த மெஸ்ஸும் தங்களையே பார்ப்பதுபோல மேடத்துக்குக் கூச்சமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பிறகு திக்கிப் பேசும் ஒருவன் வந்தான். மொழி தெரியாமல் வெளிமாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். சாப்பிடும்போதும் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காத ஒருத்தி வந்தாள். ஒருநாள் அம்பு, அம்மா கொஞ்ச நாள் கூடவே தங்கிச் சாப்பிடவைத்த தைரியத்தில், தட்டோடு வந்து மேடத்தின் எதிரே உட்கார்ந்தாள். அந்த வெளிமாநிலப் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஆரம்பித்து, அவர்களுடைய தப்புகளைக் கேட்டு மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாதங்கள் போகப்போக அந்த வெறும் கட்டிலில் மெத்தை ஏறியது. அவர்களில் ஒருத்தி அங்கே குடிவந்துவிட்டாள். அம்புவின் முகத்தில் சதை பிடித்தது. முதல்வர் கூட்டங்களில் எல்லாம் அந்த மேசையைப் பற்றிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவள் உடம்பு தேறிவிட்டது, இனி அளவாக ஓடலாம் என்று மருந்தறையில் சொன்ன நாளில் மேடம் புதுக் காலணி கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். அவள் வரவில்லை. மதியம் மெஸ்ஸில் ஓடிவந்து, "சாரி மேடம்! ராத்திரியெல்லாம் பேசிக்கிட்டே இருந்தோம், தூங்கிட்டேன்" என்றாள். கண் பளபளவென்று இருந்தது.

"பரவால்ல. தூக்கம் முக்கியம்" என்றார் மேடம்.

பிறகு ஓரிரு முறை வந்தாள். அப்புறம் அதுவும் நின்றுபோனது. தூரத்தில் எங்கே பார்த்தாலும் கையை உயர்த்தி ஆட்டுவாள், சுற்றிலும் தோழிகள் இருப்பார்கள். மேடமும் கையை ஆட்டுவார். ஒரு பிள்ளை தேறி வருவதைப் பார்க்க மனம் குளிர்ந்தது நிஜம். விடியலில் ஆளில்லாத மைதானத்தில் கால் வைக்கும்போது அந்தக் குளிர்ச்சியே வேறு மாதிரி இருந்ததும் நிஜம். இரண்டையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆலோசகர் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் மேசையில் எல்லோரும் எழுந்துபோன பிறகு வழக்கம்போல ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க யார்கூட மேடம்?"

"என்ன யார்கூட?"

"பிள்ளைங்களுக்கு இந்த மேசை இருக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போனா, நீங்க யார்கூட?"

கல்லு மாதிரி இருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. மேடம் அதை விழுங்கிவிட்டார். "யாரும் இல்லம்மா" என்றார். சொன்னபோது குரல் உடையவில்லை. ஆனால் தட்டைக் கழுவப் போனவர் கழுவும் இடத்தில் தேவைக்கு மேல் நின்றார்.

சாயங்கால நேரத்தில் மைதானத்தில் நூலகர் அம்மா நடப்பார். நூலகத்தில் வாயைத் திறந்தாலே "உஷ்" என்பதால் பிள்ளைகளுக்கு அவர் உஷ் மேடம். ஊர்வலம் போகிற வேகம். அதுவும் உள்சுற்றை அடைத்துக்கொண்டு. இத்தனை வருடமாக அவரைக் கடந்து போகும்போதெல்லாம் மேடம் பல்லைக் கடித்திருக்கிறார். அந்த வாரம் ஒருநாள் கடந்து போகாமல் பக்கத்தில் நின்று நடக்க ஆரம்பித்தார்.

நூலகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன, காலு சுளுக்கா?"

"இல்ல. சும்மா நடக்கலாம்னு."

"என் வேகத்துக்கா? உங்களுக்குக் கட்டுப்படியாகாது."

உண்மையிலேயே கட்டுப்படியாகவில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் மேடம் முன்னால் போய்விடுவார்; நின்று காத்திருப்பார். மறுபடியும் முன்னால் போய்விடுவார். "நாயைக் கூட்டிக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கு" என்றார் நூலகர். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நூலகருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும் போலிருக்கிறது. நாள் முழுவதும் மற்றவர்களை உஷ் என்று அடக்கிவிட்டுத் தன் பேச்சையும் சேர்த்து அடக்கிவைத்திருந்தார். முழங்கால் வலி, வீட்டுக் குழாய் ஒழுகல், மகள் வீட்டில் மருமகன் வாயே திறக்காத கதை என்று போய்க்கொண்டே இருந்தது. சுவாரசியம் என்று சொல்ல முடியாது. மேடத்துக்குப் பாதி காதில் ஏறவில்லை. வீட்டுக்குப் போனால் இப்போதும் ஃபிரிட்ஜ் சத்தம்தான். ஞாயிற்றுக்கிழமைகள் இப்போதும் நீளமாகத்தான் இருந்தன. நூலகருக்கு மகள் வீட்டுக்குப் போகும் நாள் வந்தால் மைதானம் வெறிச்சோடிவிடும். மேடம் ஒரு சுற்று நடந்துவிட்டு, மனம் ஒட்டாமல் திரும்பிவிடுவார்.

மற்ற நாட்களில் நடந்தார். தன் காலை இன்னொருவர் காலுக்குக் கட்டுப்படுத்தி வைப்பது தடை ஓட்டத்தைவிடக் கஷ்டம் என்று அவருக்குப் பட்டது. ஒருநாள் மாலை நூலகர் பாதிக் கதையில் மூச்சுவாங்கி நின்றார். முன்பெல்லாம் அப்படி நின்றால் மேடம் அந்த இடைவெளியில் கடிகாரத்தைப் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. பக்கத்திலேயே நின்று, அவர் மூச்சு சீராகும்வரை பொறுத்திருந்து கேட்டார்:

"அப்புறம்? மருமகன் என்னதான் சொன்னாராம்?"